ஐயப்பனுக்குப் போட்ட கடிதம்

வேலுச்சாமி சாதாரணமாக அலைபாய்கிற ஆள் இல்லை. வளைகுடாவில், அஜ்மானில் ஒரு கிடங்கில் மெக்கானிக் வேலை. மத்தியானம் சாப்பிட்டதும் பழைய டயரில் சாய்ந்து, பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தாலும் அசையாமல் தூங்கக்கூடியவர். அப்படிப்பட்டவர் இப்போது காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஷெட்டுக்கும் ஆபீஸ் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். தபால் வந்துவிட்டதா என்ற கவலைதான் காரணம்.

அவரோடு ஒரே ரூமில் இருந்தவன் ஐயப்பன், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஒரு நாள் வண்டி நிற்காமல் போய்ச் சரக்கோடு மோதியதில் ஒரு வங்கதேசத் தொழிலாளியின் கால் நசுங்கிவிட்டது. போலீஸ் ஐயப்பனைக் கூட்டிப் போனது. டிரைவரின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று அதற்கு முந்தைய வாரமே வேலுச்சாமி ஃபோர்மேனிடம் சொல்லியிருந்தார். இந்த ஷிப்மெண்ட் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோர்மேன் அதைத் தள்ளிப்போட்டுவிட்டார். விசாரணையில் யாரும் அவரைக் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் சிவகங்கைப் பக்கமிருந்து ஐயப்பனின் மனைவி ஜோதிமணி போன் செய்தாள்.

"அண்ணே, அவுக ஜெயில்லருந்து போன்ல பேசுனாக. தப்பு எம்மேலதான்னு கோர்ட்டுல ஒத்துக்கப் போறாகளாம். ஒத்துக்கிட்டா சீக்கிரம் ஊருக்கு அனுப்பிருவாகன்னு உள்ள யாரோ சொல்லியிருக்காக. பிரேக்கு விசயத்த நீங்க வந்து சொல்லுவீகன்னு நானும் சொல்லிப் பாத்தேன். சும்மா தேத்துறதுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறாக. நீங்களே சொன்னாத்தான் நம்புவாக."

வேலுச்சாமி ஐயப்பனை நேரில் பார்க்கச் சிறைக்குப் போனார். சொந்தக்காரனா என்று கேட்டார்கள்; இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் போடலாம், ஆனால் இங்கிலீஷிலோ அரபியிலோ இருக்க வேண்டும், படித்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டோம் என்றார் வாசலில் நின்ற காவலர்.

வேலுச்சாமிக்கு இங்கிலீஷ் கையெழுத்துப் போடும் அளவுக்குக்கூட வராது. ரோலா கடைவீதிக்குப் பஸ் ஏறி, விசா பேப்பரெல்லாம் அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனார். அங்கே இருந்த சந்தியா என்ற தமிழ்ப் பெண்ணிடம் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். நீ ஒத்துக்காதே. பிரேக் போயிருந்தது. நான் ஃபோர்மேனிடம் சொன்னேன். கோர்ட்டில் வந்து சொல்கிறேன். அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒர்க்ஷாப் சீட்டுகளில் ஐயப்பன் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"அனுப்புறவங்க அட்ரஸ் வேணும்ணா. பாக்ஸ் நம்பர்?" என்றாள் சந்தியா.

வளைகுடாவில் கூலிக்காரன் வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லை. பேங்க் ஆனாலும் ஆஸ்பத்திரி ஆனாலும் எல்லோரும் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணைத்தான் கொடுப்பார்கள். வந்த நாளிலிருந்து அப்படியே கொடுத்துப் பழகிய வாய். வேலுச்சாமி யோசிக்காமல் ஒப்பித்துவிட்டார்.

அன்று ரூமில் சோறு வடித்துக்கொண்டிருந்த கார்மேகத்திடம் விஷயத்தைச் சொன்னார். கார்மேகம் கம்பெனியின் பிக்கப் டிரைவர், தபால் பெட்டியைத் திறந்து எடுத்து வருபவனும் அவன்தான்.

"யோவ், நம்ம பாக்ஸ் நம்பரா குடுத்த? பதில் வந்தாலும் கடுதாசியே திரும்பி வந்தாலும் மேனேஜர் மேசைக்குல்ல போகும்! ஆபீஸ்ல பிரிக்காம ஒரு கவரும் வெளிய வராதுய்யா. தமிழ்ல இருந்தாலாவது முழிப்பானுக. நீ இங்கிலீசுல வேற அடிச்சு வச்சிருக்க!"

கடிதம் கம்பெனி கையில் சிக்கினால் விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றிவிடுவார்கள். ஊரில் வேலுச்சாமியின் மூத்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் கிடந்தால் எடுத்து ஒளித்துவிடுவதாகக் கார்மேகம் வாக்குக் கொடுத்தான். ஆனாலும் அவன் பிக்கப் வந்து நிற்கும்போதெல்லாம் வேலுச்சாமி ஓடிப் போய் அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் உதட்டைப் பிதுக்குவான். திரும்பி வந்து, ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டையே மறுபடி முறுக்குவார்.

கார்மேகத்தை ஜபல் அலி துறைமுகத்துக்குச் சரக்கோடு அனுப்பிய நாளில் வேறு ஒருவன் போய்த் தபாலை எடுத்து வந்தான். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் சேதுமாதவன் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

மேசை மேல் அவருடைய கவர் பிரிந்து கிடந்தது. இந்தக் கைதி இங்கே இல்லை, வேறு சிறைக்கு மாற்றப்பட்டார் என்று ஒரு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

சேதுமாதவன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேலுச்சாமி, நீ நல்ல வேலைக்காரன். இதை நான் பார்க்கலை. எடுத்துட்டுப் போய்க் கிழிச்சுப் போடு. கலாஸ், முடிஞ்சுது. நாளைக்கு வழக்கம்போல டூட்டிக்கு வா."

வேலுச்சாமி கவரை எடுத்துக்கொண்டார். தப்பித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான், இது ஐயப்பனுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது உறைத்தது. அவன் இன்னும் ஒத்துக்கொள்ளத்தான் போகிறான். வருகிற திங்கட்கிழமை கோர்ட்.

திரும்பினார்.

"சார், அவன எந்த ஜெயிலுக்கு மாத்தியிருக்காக? கம்பெனிக்குத் தெரியுமுல்ல."

சேதுமாதவன் அவரை வெறித்துப் பார்த்தார். "என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் கேக்கிறியா?"

"தெரிஞ்சுதான் சார்."

சேதுமாதவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த இடத்தின் பெயரைச் சொன்னார். வேலுச்சாமி மேசையிலிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் மை பாதிதான் பிடித்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றார்.