புரட்டாதிச் சனியும் ஒரு கப்பல் காகமும்

போன சனிக்கிழமை ஒரு காகம் சோறு தின்றது.

இதெல்லாம் ஒரு புதினமா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர் என்றால் இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். அங்கே காகம் சோறு தின்னாவிட்டால்தான் செய்தி. ஆனால் இது சிசிலித் தீவின் பலெர்மோ. இங்கே ஒரு காகத்துக்கு ஒரு பிடி சோறு ஊட்ட, புரட்டாதி மாதம் முழுக்க நாயாய் அலைந்திருக்கிறோம்.

நாங்கள் என்றால் நானும் சிவபாதம் அண்ணையும். அண்ணை வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார். ஒரு வயதான இத்தாலியரைப் பராமரிக்கும் வேலை. சனிக்கிழமை ஓய்வு. எனக்கும் சனிக்கிழமை ஓய்வு. கூடவே ஒரு பழைய காரும் இருக்கிறது. கார் வைத்திருப்பவனுக்குச் சிநேகிதர்கள் குறையமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

அண்ணைக்கு ஏழரைச் சனி. ஊரில் குறிப்புப் பார்த்தவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு அத்தாட்சியும் உண்டு. பெர்மெஸ்ஸோவை, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துப் பல மாதங்கள் ஆகியும் வரவில்லை. தை மாதம் கொக்குவிலில் மகளுக்குக் கலியாணம். அட்டை இல்லாமல் போனால் திரும்பி வர விடுவார்களோ தெரியாது. போகாமல் இருந்தால்...

"தகப்பன் வீடியோவிலை நிண்டு தாரை வார்க்கிறதோ, தம்பி?" என்று கேட்டார்.

ஆகவே புரட்டாதிச் சனி விரதம். எள்ளெண்ணெய் எரித்து, எள்ளுச் சாதம் காய்ச்சி, முதலில் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் வாய் வைத்த பிறகுதான் அண்ணை வாய் வைப்பார். அவருக்குச் சீனி வருத்தம் வேறு. நான் மன்னார்க்காரன், வேதக்காரன், ஞாயிறு பூசைக்குப் போகிறவன். எனக்கும் சனி பகவானுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் ஒரு மனிதர் வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட ஒரு வேதக்காரனும் வேண்டும் அல்லவா?

முதல் சனிக்கிழமை பல்கனியில் சோறு வைத்தார். புறாக்கள் வந்தன. பின்னாலேயே துறைமுகப் பக்கத்துக் கடற்புறா ஒன்று வந்து, புறாக்களைத் துரத்தி, சோற்றையும் தின்று, தட்டையும் தள்ளிவிட்டுப் போனது. தட்டு கீழே கடைக்காரனின் குடையில் விழுந்தது. அண்ணை கோயில் ஐயருக்கு டெலிபோன் எடுத்தார்.

"புறா கணக்கிலை வராது," என்றாராம் ஐயர். "காகம்தான் வேணும்."

நகருக்குள் காகத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் எனக்கு அந்த ரிசேர்வா ஞாபகம் வந்தது. புறநகர்ச் சியாகுல்லியின் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களைத் தாண்டினால் ஒரு சின்ன இயற்கைக் காப்பிடம். ஒரு குட்டை, கொஞ்சம் நாணல், ஒளிந்திருந்து பறவை பார்க்க ஒரு மரக் குடில். அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை போனோம். வாசலில் மரியேல்லா நின்றார். ஓய்வு பெற்ற ஆசிரியை, தொண்டராகக் கதவு திறக்கிறவர். கழுத்தில் பைனாகுலர், தோளில் கமரா, கையில் மடிக்கும் கதிரை. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் தாங்களாகவே பறவை பார்க்க வந்திருக்கிறார்கள். அப்படி முன்பு நடந்ததே இல்லையாம்.

நாங்கள் அவருடைய சந்தோசத்தைக் கெடுக்கவில்லை.

ஆனால் வாசலிலேயே பலகை போட்டிருந்தார்கள் — விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. அண்ணை அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். அட்டை கையில் இல்லாத மனிதர், ஆளில்லாத தெருவிலும் சிவப்பு லைட்டுக்கு நிற்கிறவர். சட்டம் மீறுவாரா? வேலியோரமாக நடந்துபோய், காப்பிடத்துக்கு வெளியே, மண்டரின் தோட்டத்து மதிலில் சோற்றை வைத்துவிட்டு வந்தார். தோட்டக்காரனிடம் முதலே கேட்டும் வைத்திருந்தார். பிறகு குடிலுக்குள் உட்கார்ந்து மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிசிலியில் இலையுதிர் காலம் என்றால் இலை உதிர்வதில்லை. வெளியூர்க்காரர்கள் குளத்தில் இறங்குவார்கள். நீலமாய் ஒரு மீன்கொத்தி. ஒற்றைக் காலில் தவம் செய்யும் சாம்பல் நாரை. வடக்கிலிருந்து வந்த வாத்துக் கூட்டம் ஒன்று. மரியேல்லா அவற்றின் இறகு நிறத்தை விளக்கினார். நான் தேங்காய்ப்பாலையும் மிளகையும் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மன்னார்க்காரனுக்கு வாத்தைக் காட்டி இறகைப் பற்றிக் கதைத்தால் அவன் என்ன செய்வான்?

நெஞ்சு சிவந்த ஒரு குஞ்சுக் குருவி வந்து வேலியில் இருந்தது. "பல நாடுகள் தாண்டி வந்திருக்கிறது," என்று மரியேல்லா உருகினார்.

இந்த இடத்தில் நான் ஒரு வசனம் எழுதுவேன் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். பறவைக்குப் பாஸ்போர்ட் இல்லை, எல்லை இல்லை, மனிதனுக்குத்தான்... எழுதமாட்டேன். புலம்பெயர்ந்து பேனா பிடித்த ஒவ்வொருவரும் அதை எழுதியாகிவிட்டது. நானே பத்திரிகையின் இந்தப் பத்தியில் முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். போதும்.

காகங்களும் வந்தன, வராமல் இல்லை. ஆனால் இந்த ஊர்க் காகம் வேறு மாதிரி. கொர்னாக்கியா என்பார்கள். தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு சாம்பல். மழைக்கோட்டுப் போட்ட கனவான் போல மதிலில் நடந்து வந்தது. எள்ளுச் சாதத்தை ஒரு பக்கம் தலை சாய்த்துப் பார்த்தது. மறு பக்கம் சாய்த்தும் பார்த்தது. பிறகு பறந்து வந்து, குடிலுக்கு வெளியே மரியேல்லா வைத்திருந்த பையைக் கிளறி, அவருடைய பாணையும் சீஸையும் தூக்கிக்கொண்டு போனது.

"உணவு கொடுக்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது," என்று மரியேல்லா காகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணை அன்று பொழுதுபடும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கதை. கனவான் வந்தார், பார்த்தார், போய்விட்டார். வழியில் நான் அண்ணையோடு சண்டையே பிடித்தேன்.

"அண்ணை, டொக்டர் என்ன சொன்னவர்? வருத்தக்காரனுக்கு விரதம் விலக்குத்தானே?"

"அட்டை வராட்டிப் பிறகு நான் ஆருக்காகச் சாப்பிடுறது?"

இதற்கிடையில் பறவை பார்க்கிறவர்கள் மத்தியில் அண்ணையின் புகழ் பரவிவிட்டது. அவர்கள் கொஞ்ச நேரத்தில் நெளிவார்கள், கோப்பி குடிப்பார்கள், போனைத் தடவுவார்கள். அண்ணை மட்டும் கண் வெட்டாமல், முதுகு சாயாமல், பேச்சு மூச்சு இல்லாமல் இருப்பார். மரியேல்லா ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"சின்யோர் சிவா, இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்க எங்கே பழகினீர்கள்?"

"குவெஸ்தூராவில்," என்றார் அண்ணை.

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அட்டைக்காகப் பொலிஸ் அலுவலக வாங்குகளில் குந்திக் காத்திருந்தே எங்கள் சனத்துக்கு இந்தத் திறமை வாய்த்தது. பறவை பார்க்கிறவர்களோ இதற்கென்று சப்பாத்து வாங்கி, கதிரை வாங்கி, சங்கம் அமைத்துக் காத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காம். காத்திருப்பதை இன்பமாகச் செய்ய முதலில் கையில் ஒரு அட்டை இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்குத்தான் மரியேல்லாவுக்கு விசயமும் தெரியவந்தது. அவர் நீட்டிய பிஸ்கட்டை அண்ணை மறுக்க, ஏன் என்று கேட்க, அண்ணை முழுவதையும் சொல்லிவிட்டார் — மகள், கலியாணம், அட்டை, சனி, காகம். நான் வெட்கத்தில் நாணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியேல்லா சிரிக்கவில்லை. அவருடைய அம்மா, ஏதாவது தொலைந்தால் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறவராம்.

சரி, போன சனிக்கிழமைக்கு வருவோம். புரட்டாதியின் கடைசிச் சனி. இதை விட்டால் இனி அடுத்த வருசம்தான். கலியாணமோ தை மாதம். அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் காருக்குள் சீனித் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன்.

மத்தியானம் போல, தோட்டப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"கா."

கனவானின் குரல் இல்லை. அவருடையது தொண்டை கட்டின கரகரப்பு. இது வேறு. இது எங்கள் குரல். காலையில் வீட்டுக்குப் பின்னால் கோடியில் பாத்திரம் கழுவும்போது கேட்கும் குரல், கொழும்பு பஸ் நிலையத்தில் கேட்கும் குரல். அண்ணை எழுந்தே விட்டார். ஒல்லிப் பறவை ஒன்று மதிலில் வந்து குந்தியது. உடம்பு கறுப்பு, கழுத்தில் மட்டும் சாம்பல். தலை சாய்த்துப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, சோதிக்கவில்லை. நேரே சோற்றில் வாய் வைத்தது.

அண்ணை அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. சனி பகவான் மன்னிக்க வேண்டும், மாதாவும் மன்னிக்க வேண்டும்.

எங்கள் பின்னால் மரியேல்லாவின் கமரா படபடவென்று அடித்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "இது கொர்னாக்கியா இல்லை. இது உங்கள் பக்கத்துக் காகம். துறைமுகத்துக்குக் கப்பலில் ஒளிந்து வந்திருக்கும்."

கப்பலில் ஒளிந்து... நானும் அண்ணையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இது வந்தேறி இனம்," என்றார் மரியேல்லா. அவர் குரலிலும் சந்தோசம் இல்லை. "ஐரோப்பாவில் இருக்கக் கூடாத பறவை. கண்டால் அறிவிக்க வேண்டும். ஆட்கள் வந்து பிடிப்பார்கள்."

"பிடிச்சு?" என்று கேட்டேன்.

"உயிரோடு விடமாட்டார்கள்," என்றார். கமராவைத் திருப்பிக் காட்டினார். வெயிலுக்கு எதிரே எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு நிழல் மட்டும். காகமும் அதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்விட்டது.

"சின்யோர் சிவா, நீங்கள் இதைப் பார்த்தே வளர்ந்தவர். நீங்கள் சொல்லுங்கள். அதுதானா?"

இங்கே ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அண்ணை பொய் சொல்லாதவர். அதிலும் அன்று விரதம். சனி பகவான் நீதிமான். அவர் நாளில், அவர் முன்னால் பொய் சொன்னால் பிடித்த விரதம் அத்தனையும் தண்ணீரில் கரைத்த மாதிரி. இத்தனை பட்டினியும் போச்சு, அட்டையும் போச்சு, கலியாணமும் போச்சு என்றுதான் அவர் கணக்கு. "ஓம்" என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்திருக்கும்.

அண்ணை மதிலைப் பார்த்தார். வெறும் தட்டைப் பார்த்தார்.

"இல்லை, சின்யோரா," என்று இத்தாலியனில் சொன்னார். "எங்கடை காகம் இதைவிடச் சின்னன். இது உங்கடை. இஞ்சை பிறந்து வளர்ந்தது."

இரண்டு கபிலக் குருவிகளை ஒரு புருவக் கோட்டை வைத்துப் பிரித்துச் சொல்லக்கூடிய பெண் மரியேல்லா. அவர் அண்ணையை நிறைய நேரம் பார்த்தார். பிறகு, அறிவிக்க எடுத்திருந்த போனைப் பைக்குள் போட்டார்.

"வயது போன கொர்னாக்கியாவாக இருக்கும்," என்றார். "நிறம் மாறியிருக்கும். நீங்கள் இனிச் சாப்பிடுங்கள், சின்யோர் சிவா."

திரும்பி வரும்போது அண்ணை தன் பங்கு எள்ளுச் சாதப் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார். நகர ஓரத்துப் பிரான்காச்சோ மாடிவீடுகள் வரும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அண்ணை, அது எங்கடை காகம்தானே?"

"ஓம்."

"பிறகேன்..."

"அதுக்கும் ஒரு பெர்மெஸ்ஸோ எடுக்கோணும் எண்டால், தம்பி, அதின்ரை ஆயுள் காணாது." பிறகு, "விரதம் போச்சு," என்றார். "பிள்ளைக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

என்னால் கார் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். அங்கேயே இருவரும் எள்ளுச் சாதம் சாப்பிட்டோம்.

புதன்கிழமை அண்ணையின் போனுக்குச் செய்தி வந்தது: அட்டை தயார், வந்து எடுத்துக்கொள்ளவும்.

அலுவலகத்தில் வேலை முடிந்தது, அட்டை வந்தது, அவ்வளவுதான் என்கிறேன் நான். அண்ணை ஒத்துக்கொள்வதாயில்லை. பொய் சொன்னவனுக்குச் சனி ஏன் இரங்கினார் என்று தலையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேதக்காரன் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. காகம் சனி பகவானுடைய வாகனம். பலெர்மோவில் ஒருவருடைய வாகனத்தை அதிகாரிகள் இழுத்துக்கொண்டு போகாமல் காப்பாற்றிக் கொடுத்தால், அவர் சும்மா இருப்பாரா?

நேற்றுக் காப்பிடத்து வாசலால் போனேன். பார்த்த பறவைகளை எழுதும் பலகையில் மரியேல்லாவின் கையெழுத்து: "கொர்னாக்கியா, ஒன்று, உள்ளூர்."

இத்தனை வருசத்தில், அட்டை இல்லாமலே இந்த ஊர்க்காரன் ஆனது அந்த ஒரு காகம்தான்.