மலையண்ணனுக்கு மட்டும் நின்ற வண்டி

கிடங்கில் எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. கழுத்தில் மல்டிமீட்டர் தொங்காமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் தொழில் பழகி, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள். ஃபோர்க்லிஃப்ட்டுகளின் ஒயரிங் வேலை முழுக்க அவள் கையில். கை நிதானம், வாய்தான் ஓயாது.

அந்த வாரம் பழைய மஞ்சள் வண்டி படுத்தி எடுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திரையில் ‘தொடர்பு இல்லை’ என்று வரும், தூக்கிய பாரத்தோடு அப்படியே நின்றுவிடும். கூத்து என்னவென்றால், மற்றவர்கள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மலையண்ணன் ஏறினால்தான் வம்பு. பட்டப்பெயருக்கேற்ற உடம்பு அவருக்கு.

“வண்டிக்கு உங்களக் கண்டாலே ஆகல” என்று மற்ற டிரைவர்கள் கிண்டலடித்தார்கள். சிரித்துச் சமாளித்தவர், கடைசியில் முகம் தொங்கிப்போய், வேறு வேலைக்கு மாற்றிவிடும்படி மேனேஜரிடம் கேட்டுவிட்டார்.

மீட்டரக்காவுக்கு மனசு கேட்கவில்லை. திரையைச் சந்தேகப்பட்டு மாற்றியிருந்தாள், பலனில்லை. திரை, மோட்டார், ஸ்டியரிங் எல்லாம் தமக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாகத்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றில் மீட்டரை வைத்தாள். அறுபது ஓம். சரியான அளவுதான். ஒயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் இரட்டிப்பாகக் காட்டும்.

“அண்ணே, ஏறி உக்காருங்க.”

“எதுக்கும்மா? என் மூஞ்சியப் பாத்தாலே அது நிக்குது.”

“மூஞ்சியா, வேற எதாவதான்னு பாத்துருவோம். ஏறுங்க.”

உட்கார்ந்தார். மீட்டர் நூற்றிருபதுக்குத் தாவியது. எழுந்தார், அறுபது. மறுபடி உட்கார்ந்தார், நூற்றிருபது. பாரம் ஏறினால் பாதை அறுகிறது!

சீட்டைக் கழற்றினாள். கிளிப்பிலிருந்து நழுவிய ஒயர் சீட்டுச் சட்டத்துக்கடியில் நசுங்கி, தோலுரிந்து கிடந்தது.

“இந்தா, அகப்பட்டுச்சு! தப்பு உங்க மேல இல்லண்ணே.”

“இருந்தாலும், நான் கொஞ்சம் இளைக்கணுமோ?”

“அத அண்ணி சொல்லட்டும். எனக்கு ஒயர் வேலை மட்டும்தான்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நசுங்கிய இடத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்து முறுக்கி, சட்டம் தொடாத பக்கமாகக் கிளிப் போட்டாள். மலையண்ணன் ஏறி உட்கார்ந்து, பாரத்தை மேல் தட்டுவரை ஒரே மூச்சில் தூக்கி வைத்தார். வண்டி முனகக்கூட இல்லை. கிடங்கு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றி வந்தார்.

“போதும்யா, காது கிழியுது!” என்று மேனேஜர் கத்தினார். “அப்ப, வேலைய மாத்தணுமா வேணாமா?”

“யாரு கேட்டா?” என்றார் மலையண்ணன்.

மீட்டரக்கா கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். புருஷன் காலையில் கட்டிக்கொடுத்தது ஆறிப்போயிருந்தது. உப்பும் கொஞ்சம் தூக்கல்தான். வழித்துச் சாப்பிட்டாள்.