பூச்சட்டி பார்கோடு ஒட்டிய சிடி

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் போன வாரம் எங்கள் பாட்டைப் போட்டார்கள். எங்கள் பாட்டு என்றால், தங்கப்பாண்டியும் நானும் ஒரு காலத்தில் சேர்ந்து பாடிய அம்மன் பாட்டு. ஆமத்தூர் தாண்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த அடி என்னுடையது. 'இது நான்தாங்க' என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பெண்குரல் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

தங்கப்பாண்டியும் நானும் சிவகாசியில் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அவன் தலைமுடிதான் ஞாபகம் வரும். என்ன முடி! சிடி அட்டையின் முன்பக்கம் முழுக்க அந்த முடியும் அவன் சிரிப்பும்தான். என் பெயர் பின்பக்கம், 'உடன் பாடியவர்' என்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடவேண்டிய எழுத்தில். அந்த அட்டையைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்தவனே நான்தான் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவன் செலவில் போட்ட சிடி, வேறென்ன செய்ய?

அட்டை முடியும் நேரத்தில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. "ஏலே, மெட்ராஸ் கம்பெனி சிடில பின்னாடி கோடு கோடா இருக்குல்ல, அது இல்லாம நம்மளத எவன்லே மதிப்பான்?" பார்கோடு என்பது பதிவு செய்து வாங்கவேண்டிய எண் என்று எங்களுக்கு என்ன தெரியும்? அழகுக்குப் போடும் பார்டர் என்றுதான் நினைத்தோம். எங்கள் அச்சகத்தில் பட்டாசு லேபிளுக்கா பஞ்சம்? புஸ்வாணம் என்பார்களே, அந்தப் பூச்சட்டிப் பெட்டி ஒன்றின் பார்கோட்டை அப்படியே எடுத்து ஒட்டினோம். எடுப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

விருதுநகரில் ஒரு பெரிய கடையில் கல்லா ஓரமாக அடுக்க இடம் கொடுத்தார்கள். முதல் சிடியைக் கடைக்காரர் மெஷினில் காட்டினார். 'பூச்சட்டி, பெரியது' என்று திரையில் வந்தது.

"பாட்டுன்னு சொன்னீக, இதுல திரி எங்கன இருக்கு?" என்றார். கடையே சிரித்தது. தங்கப்பாண்டியின் முகம் சுண்டிவிட்டது. எனக்கா? உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட எண்ணெய் பரோட்டா மாதிரி பிறகு நான் சாப்பிட்டதே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவனுக்குப் போன் போட்டேன். "என் குரல் எங்கலே?"

"கோவிச்சுக்கிடாதலே. ஆன்லைன்ல விடணும்னா ஒவ்வொரு பதிவுக்கும் தனி நம்பரு வேணும்னாக. நம்ம பழைய சிடிக்கு ஏது நம்பரு? அதான் எம் மகள வச்சுப் புதுசா பாடிட்டேன். புதுப் பதிவு, புது நம்பரு."

பழைய பதிவுக்கும் எண் வாங்கலாமாம், பிறகு விசாரித்துவிட்டேன்.

"பாடத்தான் வேணும்னா என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"உன் தொண்டை இருக்க நிலைமைக்கா?" என்று சிரித்தான் படுபாவி.

அவனைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து எரிகிறது. தொகுப்புக்கு முறையான பார்கோடு, பாட்டுக்குத் தனி எண், உலகத்தில் எந்த மூலையில் யார் கேட்டாலும் அவள் பெயர் வருகிறது. எங்கள் அச்சகத்தில் சிடி அட்டை ஆர்டர் நின்று எவ்வளவோ காலமாகிறது. கடைகளில் சிடி இல்லை. என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் பாட்டுப் பெட்டி இல்லை.

நேற்று என் மனைவி பாத்திரம் விளக்கிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். என் அடி வந்தபோது, நான் பாடிய மாதிரி இல்லாமல், அந்தப் பெண் இழுக்கிற மாதிரி இழுத்தாள்.

"உங்கள விட இந்தப் பிள்ள எம்புட்டு நல்லாப் பாடுது, கேட்டீகளா?"

கேட்டேன். நன்றாகத்தான் பாடுகிறாள். கொஞ்சம் மோசமாகப் பாடித் தொலைத்திருந்தால், முன்னால் பாடின ஆள் எங்கே என்று யாராவது ஒருவராவது கேட்டிருப்பார்கள்.