புளி போட்டுத் தேய்த்த கனெக்டிகட் காசு

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். சட்டையின் உள்பையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய். எல்லாம் ஒரே ஒரு செப்புக்காசுக்காக.

அமெரிக்கா தனக்கென நாணயச்சாலை அமைக்கும் முன்பு, அங்கிருந்த மாநிலங்கள் சில தாமே செப்புக்காசு அடித்தன. நான் சேர்ப்பது அவற்றைத்தான். பிள்ளைச்சாவடியிலிருந்து செல்வி என்ற பெண் போனில் அனுப்பிய படத்தில் 1787-ஆம் ஆண்டின் கனெக்டிகட் காசு இருந்தது. கரும்பழுப்பு நிறம், தேயாத முகம். அவள் மாமனார் பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்ததாம்.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் பிள்ளைச்சாவடி மீனவக் கிராமத்துக்கு இருநூற்றைம்பது கேட்டார். எனக்குப் பேரம் பேச வராது. ஏறிக்கொண்டேன்.

“மீன் வாங்கவா சார்?”

“பழைய காசு வாங்க.”

“காச குடுத்து காசு வாங்கப் போறீங்களா? நல்லா பொழச்சீங்க போங்க!”

செல்வியின் வீட்டில் புண்ணின் வாடை. கட்டிலில் அவள் கணவர் தனபால். தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன. திங்கட்கிழமை ஆபரேஷன். அந்தச் செலவுக்காகத்தான் காசை விற்பதாகச் செல்வி போனிலேயே சொல்லியிருந்தாள்.

சாமி மாடத்தில் விளக்குகளுக்குப் பக்கத்திலிருந்து காசை எடுத்து நீட்டினாள். ரோஜா நிறத்தில் பளபளத்தது.

“வெள்ளிக்கெழமன்னு வெளக்கு தேய்ச்சேன்ணா. நீங்க வர்றீங்களேன்னு இதையும் புளி போட்டுத் தேய்ச்சேன். எப்டி மின்னுது பாருங்க!”

காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படிந்த அந்த நிறத்துக்குத்தான் விலை. இப்போது முகமெல்லாம் தேங்காய் நாரின் கீறல். அதை மெல்லச் சொன்னேன்.

“மறுபடியும் கறுக்காதாண்ணா?”

“கறுக்கும்மா. நாளாவும்.”

“எவ்ளோ நாளு?”

“நம்ம காலத்துல ஆவாது.”

தனபால் கட்டிலிலிருந்து சிரித்தார். “அந்தப் புளிய என் கால்ல தேய்ச்சிருந்தா, அதாச்சும் வெளுத்திருக்கும்டி.”

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூவாயிரம்கூடப் பெறாது. ஐந்தாயிரம் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில், செல்வியின் வீட்டுக்கே திரும்பிப் போகலாமா என்று யோசித்தபடி இரண்டு விழுப்புரம் பஸ்களை விட்டேன். மூன்றாவதில் ஏறிவிட்டேன்.

வீடு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். என் மனைவியும் காலையில் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். விளக்குகள் மின்னின. மீதி இருபதாயிரம் இருந்த சட்டையைக் கழற்றாமல், அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.