ஊரில் இல்லை என்று ஒரு சான்று

நான் ஊரில் இல்லை என்பதை ஊர்தான் எழுதித் தர வேண்டும். அப்படித்தான் விதி இருந்தது.

தமிழ்நாட்டில் ஒரு அரசுத் துறையில் உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. பிழைக்க வெளிமாநிலம் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வயது வரம்பில் இரண்டு ஆண்டு சலுகை உண்டு என்று போட்டிருந்தார்கள். எனக்கு வரம்பைத் தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. சலுகை கிடைக்காவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது. அதற்குத் தேவை ஒரே ஒரு தாள்: 'இவர் இங்கு வசிக்கவில்லை' என்று பூர்வீகக் கிராமத்தின் நிர்வாக அலுவலர் தரும் சான்று. கடைசி நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது புனேயில், கட்கி என்ற பகுதியில். அப்பா தொழிற்சாலையில் சுமை தூக்குகிறவர், இன்றும் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், அதுவும் மராத்திப் பள்ளிக்கு. தமிழ் எழுத்துகளை எங்கள் பகுதித் தமிழர்களின் அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஊரிலிருக்கும் சித்தப்பா, அலுவலரின் மேசை முன்னால் நின்று வீடியோவில் கூப்பிட்டார். அலுவலர் நல்ல மனிதர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார்.

"தம்பி, நீங்க இங்க இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சார், நான் புனேல இருக்கேன் சார்."

"அது நீங்க சொல்றது. காட்டுங்க பாப்போம்."

தெருமுனைக்குப் போய்ப் பெயர்ப்பலகையைக் காட்டினேன்.

"இது எனக்குப் படிக்க வரலையே. படிக்க வராததைப் பாத்து நான் எப்படிக் கையெழுத்து போடறது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவர் படிக்கக்கூடிய பலகையைத் தேடிக் கோயிலுக்கு ஓடினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அன்று ஆடி வெள்ளி. வாசலில் தமிழ்ப் பலகை, வேப்பிலைத் தோரணம், அண்டாவில் கூழ், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. சொம்போடு வரிசையில் நின்ற ஒரு அக்கா, "இன்னாடா, வீடியோவா? எங்களையும் புடி" என்று சிரித்தார்.

அலுவலரின் முகம் மாறியது. "விளையாடுறீங்களா தம்பி? கீழத்தெரு கோயில்லதானே நிக்கிறீங்க?"

"சார், நம்ம கோயிலு இவ்ளோ பெருசு இல்லைங்க சார்" என்றார் சித்தப்பா.

"பந்தல் போட்டா பெருசாத்தான்யா தெரியும்."

சொன்னவர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், நான் தென்படுகிறேனா என்று. வரம்பைத் தாண்டிய அந்த எட்டு மாதத்தால் இந்த வேலை கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தார். கோயில் சந்தின் வழியை ஒரு ஆட்டோ அடைத்துக்கொண்டு நின்றது. "அரே, டோக்க ஃபிரலய் கா துஜ்ஜ?" என்று தொடங்கி மூச்சு விடாமல் மராத்தியில் திட்டினார்.

"யாரு அது?" என்றார் அலுவலர்.

"எங்கப்பா சார். ஆட்டோக்காரரைத் திட்டுறாரு."

"ஒரு வார்த்தைகூடப் புரியலையே!" அவர் குரலில் முதல் தடவையாக நம்பிக்கை தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் திட்டச் சொல்லுங்க."

அப்பாவிடம் சொன்னேன். "ஆட்டோவ நவுத்திட்டானேடா, இனிமே எதுக்குத் திட்றது?" என்று அவர் விழித்தார். விஷயத்தை ஆட்டோக்காரரிடம் மராத்தியில் விளக்கினேன். அவர் பெரிய மனதோடு வண்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, தானும் திருப்பித் திட்டினார். இரண்டு நிமிடம் அமர்க்களம். திரையில் அலுவலர் பேனாவைத் திறந்தார்.

சான்று மறுநாள் என் போனுக்கு வந்தது. முன்பாதி அச்சடித்த படிவம், பின்பாதி அவர் கையால் எழுதியது: 'இவ்வூரில் வசிக்கும் மேற்படி நபர் இவ்வூரில் வசிக்கவில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.'

அப்படியே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நுழைவுச்சீட்டு வந்ததும் அப்பா என்னை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். தேர்வு எங்கள் பூர்வீக ஊருக்குப் பக்கத்து டவுனில்.

"வழி தெரியுமாடா?"

"தெரியாதுப்பா. உனக்கு?"

"நான் சின்னப் புள்ளையில இங்க வந்தவன், எனக்கு இன்னா தெரியும்?" நுழைவுச்சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "அந்தத் தாள பத்திரமா எடுத்துனு போ. ஊர்ல எவனாச்சும் நீ யாருடான்னு கேட்டா, அதக் காட்டு."