ஏழடிக் குளியலறை

எழுபதுகளின் கடைசியில் பாகூர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனேன். அந்த வீட்டில் குளிப்பதற்கு, சந்தோரம் நாலு கம்பு நட்டுக் கட்டிய கீற்றுத் தட்டிதான். நடந்து போகிறவனுக்கு உள்ளே தெரியாது. கரும்பு வண்டியில் பாரத்தின் மேல் உட்கார்ந்து போகிறவனுக்கு எல்லாம் தெரியும். மாட்டு மணி கேட்டால் சோப்பு நுரையோடு அப்படியே குந்திக்கொள்வேன். எல்லா வண்டிக்காரனும் தலையைத் திருப்பிக்கொண்டான் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷம் சண்டை போட்டபின் செங்கல்லில் ஒரு குளியலறை கட்ட மாமனார் சம்மதித்தார். கொம்யூன் ஆபீசுக்கு, அதாவது எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்கு, மனு எழுதியது நான். பிளான் போட்டவரிடம் அளவு சொன்னதும் நான். சந்துப் பக்கம் மூன்றடி காலியாக விடவேண்டும் என்றார்கள். விட்டால் ஏழடி நீளம்தான் மிஞ்சியது. எனக்கு அது போதும். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் அலைந்து அனுமதி ஆர்டர் வாங்கி வந்தார்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கயிறு கட்டிய அன்று மாமனார் வந்து நின்றார்.

"எத்தினி அடிபா இது?"

"ஏழு," என்றார் கொத்தனார்.

"ஏழா? மனையடி சாஸ்திரத்துல ஏழு தரித்திரம்பா. எட்டாக்கு."

"குளிக்கிற எடம்தான மாமா, அதுல யாரு குடியிருக்கப் போறா? ஆர்டர்ல ஏழுன்னு போட்டிருக்கு," என்றேன்.

"அதான் ஆர்டரு வந்துடுச்சே, அப்புறம் இன்னா? எட்டாவது படிச்சிட்டா நீ ஓவர்சியராயிடுவியா?"

கொத்தனார் சிரித்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கயிறு ஓரடி சந்துப் பக்கம் நகர்ந்தது.

அங்கே எல்லாருக்கும் நினைப்பு அதுதான். காகிதம் கைக்கு வந்துவிட்டால் இஷ்டம்போல் கட்டலாம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. பார்த்தவள் நான் ஒருத்தி. என் பேச்சு எடுபடவில்லை.

சுவர் கழுத்தளவு வந்தபோது கொம்யூன் ஓவர்சியர் டேப்போடு வந்தார். அளந்தார். பிளானை விரித்தார்.

"இதுல ஏழு, இங்க எட்டு. காலியா வுட வேண்டிய எடத்துல ஓரடி ஏறிட்டீங்களே பெரியவரே. அந்த ஒரு சுவர இடிச்சி ஏழுக்குக் கட்டிக்குங்க."

அவர் போனபின் நான் சொன்னேன்: "சாஸ்திரத்துல ஆறும் நல்ல அளவுதான மாமா. ஆறடிக்கே கட்டிக்கலாம். எனக்குப் போதும்."

"எவனோ வந்து டேப்பு புடிப்பான், மருமவ அளவு சொல்லுவா, நான் கட்டணுமா?"

நாலு சுவரையும் அவரே ஆள் வைத்து இடித்தார். இடிந்த செங்கல்லை என் வீட்டுக்காரர் ஓரமாக அடுக்கி வைத்தார். ஒரு வருஷம் கழிந்ததும் ஆர்டர் காலாவதியானது.

செங்கல் மாட்டுக் கொட்டகைக்குத் தளம் போடப் போனது. மாட்டுக்குக் கூட அந்த வீட்டில் ஏதோ கிடைத்தது. தை மாதம் கரும்பு வெட்டு ஆரம்பித்தது. மணிச் சத்தம் கேட்டது. குந்திக்கொண்டேன்.