கலியமூர்த்தி தேர்ந்தெடுத்த சத்தம்

அனல் மின் நிலையத்தின் பாய்லர் பிரிவில் காலம் முழுதும் இருந்ததால் கோவிந்தன் தெருவில் நின்றபடியே கத்திப் பேசுகிறவர். அன்று காலை கேட்டைத் திறந்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"சார், டர்பைன் போயிட்டாரு."

"உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது. நான் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தவன். ஒரு மீட்டர் காட்டுவதை நாங்கள் நம்ப மாட்டோம். பக்கத்து மீட்டரையும் பார்ப்போம். கோவிந்தன் கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டரும் பாத்துட்டாரு சார்" என்றார்.

டர்பைன் பிரிவில் இருந்ததால் டர்பைன் என்றே நாம் எல்லோரும் அழைத்த கலியமூர்த்தியைப் பற்றி எழுதும்படி நமது ஓய்வுபெற்றோர் சங்கம் என்னிடம் சொல்லியிருக்கிறது. அவரைப் பற்றிச் சிரிக்காமல் எழுத முடியுமா, சிரித்தபடி எழுதலாமா என்று எனக்குத் தெளிவில்லை. பிழை இருந்தால் அவரை அறிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அவருடைய கடுகு நிறக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் விட்டுவிட்டுப் போன டர்போ கார். பலர் கை மாறி, கேட்பாரற்று நின்றதை, ஓய்வு பெற்ற கையோடு இவர் வாங்கினார். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "உள்ள ஒரு டர்பைன் இருக்குது, இன்ஸ்ட்ருமென்ட்டு. தேங்கா மூடி சைசுதான். வெளிய போற புகையிலேயே சுத்துது. அதைப் போயி அனாதையா வுட முடியுமா?" என்றார்.

வடக்குத்து ஊரில் அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான் என் வீடு. அவர் மனைவி வசந்தாவுக்குக் காது மந்தம். காதில் வைக்கும் கருவியை வாங்கிக் கொடுத்தும் போட மாட்டார். "மிஷினை வெச்சா தெருவே உள்ள வந்து உக்காந்துக்குது" என்பார். ஆடுகள் புகுந்து செம்பருத்தியைத் தின்கின்றன என்று கேட்டை எப்போதும் உள்பக்கமாகத் தாழிட்டுவைப்பார். கணவர் வந்தால் தாமே போய்த் திறப்பார். அது அவர்களுக்குள் இருந்த பழக்கம். யாரும் மாற்ற விரும்பவில்லை. காரின் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. தெருமுனையில் கார் திரும்பும்போதே அந்த அம்மாளுக்குக் கேட்டுவிடும். தெருவில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்டது. சைலன்சரை மாற்றச் சொல்லிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. கோவிந்தன் எழுந்து நின்று கைதூக்கினார்.

ஆகவே கலியமூர்த்திக்கு வேண்டியது இதுதான்: தெருவுக்குக் கேட்கக் கூடாது, வசந்தாவுக்குக் கேட்க வேண்டும்.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். கேட்டில் ஒரு சுவிட்ச், சமையலறையில் ஒரு சிவப்பு விளக்கு. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "என் பொண்டாட்டி இன்னா கண்ட்ரோல் ரூமா?"

முதலில் சென்னையிலிருந்து அவருடைய மருமகன் ரேஸ் வண்டிக்கான பளபளப்பான குழாய் ஒன்றை அனுப்பிவைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொருத்தி, சோதனை ஓட்டம் வைத்தோம். ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டுக் காலை எடுத்தார். வெடித்த சத்தத்தில் நான் திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தூங்கிக்கொண்டிருந்த கோவிந்தன், பாய்லர் அருகிலேயே இருக்கும் நினைப்பில், லுங்கியை ஒரு கையால் பிடித்தபடி வெளியே ஓடிவந்து, "சேஃப்டி வால்வு தூக்கிடுச்சு, ஃபயரைக் கொறைங்கடா" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர், நிலையத்தில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

வசந்தாவுக்கும் கேட்டது. வெளியே வந்தார். "இந்தச் சத்தத்துல நீங்க வந்தா நான் கேட்டைத் தெறக்க மாட்டேன். பின்பக்கமா ஓடிப் போயிடுவேன்" என்றார்.

அடுத்து நான் பரிந்துரைத்தது: பண்ருட்டியில் கிடைத்த ஜீப் சைலன்சர். எல்லா வகையிலும் அமைதியானது. நிறைய யோசித்துத்தான் சொன்னேன். அதை மாட்டிய வாரத்தில் நல்ல மழை. கலியமூர்த்தி கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, ஹாரன் அடித்து, இறங்கி, தட்டி, முழுதாக நனைந்தார். பால் ஊற்றுகிறவர் பார்த்துச் சுவரேறிக் குதித்துத் தகவல் சொன்ன பிறகுதான் கேட் திறந்தது. தலையைத் துவட்டியபடியே என்னிடம் வந்தார். "வண்டி மூக்கைப் பொத்திகினு ஓடுது, இன்ஸ்ட்ருமென்ட்டு. டர்பைனுக்குப் பின்னால புகை போற வழி தெறந்து இருக்கணும். பெரிசோ சின்னதோ, அதான் சட்டம்" என்றார்.

மூன்றாவது, பண்ருட்டி பாய் ஒருவரின் வெல்டிங் பட்டறையில் செய்தது. அகலமான குழாய், நடுவில் நீளமான சைலன்சர், உள்ளே புகை நேராகப் போகும்படி. செய்வதற்கு முன்பே பாய் எச்சரித்தார். "கூச்சல் இருக்காது சார். ஆனா வண்டி நின்னுகினு ஓடுறப்ப அடித்தொண்டையில ஒரு உறுமல் வரும். ஜன்னல் அதிரும். அதுக்காகவே கஸ்டமருங்க திருப்பிக் கொண்டாந்து திட்டுவாங்க."

"எங்களுக்கும் திட்ட வாய்ப்புக் குடுங்க பாய்" என்றார் கலியமூர்த்தி.

சோதனைக்கு நான் சமையலறையில் வசந்தாவின் எதிரே உட்கார்ந்தேன். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. கார் தெருவுக்கே வரவில்லை, அதற்குள் அந்த அம்மாள் கை தூக்கினார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் என் காதுக்கே எட்டாத ஏதோ ஒன்று தரையில் வந்தது. பிறகு எவர்சில்வர் ஸ்டாண்டில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று நடுங்கத் தொடங்கின.

வசந்தா கை தூக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுந்தார். "வந்துட்டாரு."

"கேட்டுச்சாம்மா?" என்று உரக்கக் கேட்டேன்.

"கேக்கல அண்ணா. டம்ளர் ஆடுது பாருங்க."

காரை விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒழிக்கப் பாடுபடும் அந்த உறுமலை இவர் விரும்பி வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில் கோவிந்தன் ஈஸிசேரில் தூங்கிக்கொண்டிருந்தார், விழிக்கவில்லை. கேட்டைத் திறந்த வசந்தாவையும் தூங்கும் கோவிந்தனையும் காட்டி, "ரெண்டு மீட்டரும் சரியா காட்டுது பாரு" என்றார் கலியமூர்த்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காரில் சின்ன வேலை என்றாலும், அனல் மின் நிலையத்தில் செய்வதுபோலவே, தம் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுத்தான் கை வைப்பார். அட்டை தொங்கினால் இயந்திரத்தை இயக்கக் கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். ஒருமுறை அதை அவிழ்க்க மறந்து, சேத்தியாத்தோப்புக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர் காரை நகர்த்தச் சொன்னார். சாவி என் கையில் இருந்தது. நான் அட்டையைத் தொடவில்லை, போன் செய்தேன். பந்தியிலிருந்து எழுந்து, பஸ் பிடித்து வந்து, அவிழ்த்துவிட்டு, அடுத்த பந்திக்குத் திரும்பிப் போனார். சுண்ணாம்புக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இறப்பதற்கு முந்தைய மாலையும் ஏதோ வேலை பார்க்க நினைத்து அட்டையைக் கட்டியிருக்கிறார். விடியற்காலையில் உயிர் பிரிந்தது.

காரியத்தன்று பந்தல் போட வேண்டும். முற்றத்தில் நின்ற காரை வெளியே எடுக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். நிலையத்தில் பெரிய பெரிய யூனிட்டுகளை ஓட்டியவர்கள். ஒருவரும் அட்டையைத் தொடவில்லை.

"கட்டுனவர் இல்லன்னா ஷிப்ட் இன்சார்ஜ் எடுக்கலாம்னு விதி இருக்குது" என்றார் கோவிந்தன்.

"அது லீவுல போனவங்களுக்குப்பா" என்றார் அந்த முன்னாள் இன்சார்ஜ், ஓர் அடி பின்வாங்கி.

பந்தல்காரர்கள் மூங்கிலைத் தோளில் வைத்தபடி காத்திருந்தார்கள். வசந்தா உள்ளேயிருந்து வந்தார். நாங்கள் வாயசைப்பதையும் ஸ்டியரிங்கையும் பார்த்தார். கதவைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, அட்டையை என் கையில் கொடுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

எனக்கு அந்தக் காரை ஓட்டிப் பழக்கமில்லை. சாவியைத் திருப்பினேன். அடித்தொண்டை உறுமல் காலுக்கடியில் எழுந்தது. நான் காரை நகர்த்தவில்லை. கலியமூர்த்தி வழக்கமாகக் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் நேரம் அளவுக்கு, நின்றபடியே ஓடவிட்டேன். செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

வசந்தா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். எங்களைக் கடந்து போய்க் கேட்டின் தாழை நீக்கி, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, ஓரமாக நின்றார். "பாத்து எடுங்க. செம்பருத்தி இருக்குது" என்றார்.

கலியமூர்த்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிவப்பு அட்டை. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இப்போது வாரந்தோறும் போய் அந்தக் காரைச் சற்று நேரம் ஓடவிடுகிறேன், பாட்டரிக்காக என்று சொல்லிக்கொண்டு. வசந்தாவும் பாட்டரிக்காக என்றே சொல்கிறார். ஸ்டாண்டில் டம்ளர்களை முன்னைவிட நெருக்கமாக, ஒன்றோடு ஒன்று உரசும்படி அடுக்கிவைத்திருக்கிறார்.